துடக்குப் பிரஸ்காரன்

கனகலிங்கம் அந்தக் கட்டையை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தபோது ஜெயந்தனுக்கு நெஞ்சுக்குள் எங்கோ ஒரு கதவு மெல்லத் திறப்பது போலிருந்தது. தேய்ந்த ரப்பர் செருப்பின் அடியை வெட்டி, மரத்துண்டொன்றில் ஒட்டி, தீட்டிய குடைக்கம்பியால் அவன் செதுக்கிய குத்துவிளக்கு அது. கொழும்பிலிருந்து அச்சுப் படங்கள் வருவது நின்று வருடக்கணக்காகிவிட்ட வன்னியில், கலியாண அழைப்புக் காட்டுக்கு ஒரு விளக்கோ தாமரையோ வேண்டுமென்றால் யாராவது ஒருவன் இப்படிக் குந்தியிருந்து வெட்டினால்தான் உண்டு. விசுவமடுவில் அச்சகம் வைத்திருந்த கனகலிங்கத்துக்கு அது நன்றாகத் தெரியும். அந்தக் கட்டையால் அடித்த தாளையும் வாங்கிப் பார்த்தார். விளக்கின் சுடர் நேரே நிற்கவில்லை. பக்கத்தில் யாரோ இரகசியம் சொல்ல, அதைக் காதுகொடுத்துக் கேட்பதுபோல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

கை நல்ல கை என்றார். ஆவணிக் கலியாணங்களின் காட்டெல்லாம் ஆடியிலேயே அடித்து முடிக்க வேண்டும், ஆள் இல்லாமல் அந்தரப்படுகிறேன் என்றார். எப்போது வரமுடியும் என்றும் கேட்டார். நாளைக்கே வருகிறேன் என்று ஜெயந்தன் சொன்னான். அதோடு அவர் விட்டிருக்கலாம்.

“முந்தி எங்க வேலை செய்தனீர்?”

“புதுக்குடியிருப்பில. ஐயாத்துரை அண்ணையிட்ட.”

கனகலிங்கம் கட்டையை மேசையில் வைத்தார். வைத்த கையைத் தெரியாமல் துடைப்பதுபோல் வேட்டியில் துடைத்தார்.

“எந்த ஐயாத்துரை? துடக்குப் பிரஸ் ஐயாத்துரையோ?”

“ஓம்.”

“குறை நினையாதையும் தம்பி. உம்மில பிழையில்லை. என்ர வாசலுக்கு வாறது முழுக்கக் கலியாணக்காரரும் சாமத்தியவீட்டுக்காரரும். செத்த வீட்டுக் கை எண்டு ஒருதர் கதைச்சாலும் காணும், நானும் உம்மோட சேர்ந்து சைக்கிள்ள திரியவேண்டியதுதான்.”

இது நான்காவது இடம். முள்ளியவளையில் மணவறை சோடிப்பவர் அவன் கீறிக் காட்டிய அன்னத்தைப் பார்த்து வாய் நிறையச் சிரித்துவிட்டு, ஐயாத்துரையின் பெயரைக் கேட்டதும் அன்னத்தை மடித்து அவன் சட்டைப்பைக்குள்ளேயே வைத்துவிட்டார். தையல் நிலையத்து அக்கா சேலைக் கரைக்குப் பூ வரைய நாளைக்கு வரச்சொன்னா. மறுநாள் போனபோது அவா வெளியே வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு பெண், அக்காவுக்கு ஆள் கிடைத்துவிட்டதாம் என்று சொன்னாள். சைக்கிளுக்குப் பெயர் எழுதுகிறவர் மட்டும் நேரே சொன்னார், உம்மட கையால பேர் எழுதின சைக்கிளில ஆர் ஏறுவான் என்று.

சாவுத் தீட்டுப் பட்டதென்று பெயரெடுத்த அந்தத் துடக்குப் பிரஸின் கதை வன்னியில் தெரியாதவர்கள் குறைவு. தொண்ணூற்றாறில் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது ஐயாத்துரை தன் மிதி அச்சு மெசினை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு புதுக்குடியிருப்புக்கு வந்தார். மறு வருடம் கஜேந்தினி என்றொரு பெண்ணின் கலியாணக் காட்டு அவரிடம் அடிக்க வந்தது. முகூர்த்த நேரம் பிழையாக விழுந்துவிட்டதால் நூற்றிருபது காட்டுகளை ஒதுக்கிவிட்டு மீண்டும் அடித்துக் கொடுத்தார்கள். சில நாளில் யாரோ ஒரு கிழவர் செத்த வீட்டு நோட்டீசு அவசரமாக வந்தது. கடைகளில் தாள் இல்லை. பள்ளிப் பிள்ளைகளே பழைய கொப்பியின் எழுத்தை அழித்து எழுதிக்கொண்டிருந்த காலம். அந்த நோட்டீசு, ஒதுக்கிவைத்த கலியாணக் காட்டுகளின் பின்பக்கத்தில் அடிக்கப்பட்டது. மரத்திலும் மதகிலும் ஒட்டுகிற நோட்டீசைத் திருப்பிப் பார்ப்பது யார்? ஆனால் செத்த வீட்டுக்காரர் கொஞ்சத்தைச் சனத்தின் கையிலும் கொடுத்துவிட்டார்கள். அதிலிருந்து பதினோராம் நாள் கஜேந்தினிக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை குகதாசன் மலேரியாவில் செத்துப்போனான். அதற்குப் பிறகுதான் ஒருவர் அந்த நோட்டீசைத் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் கறுப்புக் கரைக்குள் மரணம், மறுபக்கம் விளக்கின் கீழ் கஜேந்தினியும் குகதாசனும்.

அன்றிலிருந்து ஐயாத்துரையிடம் செத்தவர்கள் மட்டும்தான் போனார்கள். பிறகு அவர்களும் போகவில்லை. இந்தத் தை மாதம் அவர் மெசினுக்குச் சாக்கைப் போர்த்து மூடிவிட்டு, ஜெயந்தனிடம் வேறிடம் பார்க்கச் சொன்னார்.

விசுவமடுவிலிருந்து கேப்பாப்புலவுக்கு வந்துசேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. மனைவி நிரோஜாவின் தமையன் நடராசாவின் வளவுக்குள் ஒரு கொட்டில் போட்டுத்தான் ஜெயந்தன் குடும்பம் இருந்தது. நடராசா கிணற்றடியில் நின்று கால் கழுவிக்கொண்டிருந்தார். போன காரியத்தைக் கேட்கவில்லை. அவன் முகமே சொல்லிற்று.

“மச்சான், நீர் வெட்டுற விளக்கில எண்ணெய் விட்டா எரியுமே?” என்று மட்டும் கேட்டார்.

அவர் கெட்டவரல்ல. அவருக்கும் மூன்று பிள்ளைகள். நிவாரண அரிசியை எட்டுப் பேருக்குப் பங்கிடுகிற வீட்டில் ஒன்பதாவது ஆளாக ஒரு பகிடி எப்போதும் குந்தியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் அன்று அவர் பகிடியோடு நிற்கவில்லை. நிரோஜாவுக்கும் இரண்டு வயது யதுர்ஷிகாவுக்கும் வன்னியை விட்டு வவுனியா போகப் பாஸ் சரிவந்துவிட்டதாம். ஆடி முடிவதற்குள் போய்விட வேண்டும். வவுனியாவில் நிரோஜாவின் தகப்பன் வீட்டில் பிள்ளைக்குப் பாலாவது கிடைக்கும். ஏற்கெனவே இரண்டு முறை மலேரியா வந்து எழும்பிய பிள்ளை. ஜெயந்தனின் வயதுக்காரருக்குப் பாஸ் கிடைக்காது, அது எல்லாருக்கும் தெரிந்தது. போனால், திரும்ப எப்போது என்பது எவருக்கும் தெரியாது.

கொட்டிலுக்குள் நிரோஜா குழந்தையின் தலையில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள்.

“நான் போகவேணுமெண்டு நினைக்கேல்லை. ஒரு வேலை எண்டு நீங்கள் வந்து நிண்டா, அண்ணையிட்ட நான் வாயைத் திறந்து சொல்லலாம். ஒண்டுமில்லாமல் என்னத்தைச் சொல்ல?”

அவன் குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தான். கோடைக் குளத்தின் மேல்தண்ணீரைப் போலச் சூடாக இருந்தது. இந்தக் கால் தன் கண்ணுக்கு எட்டாத ஒரு முற்றத்தில் நடந்து வளரும் என்று நினைத்தபோது அவனுக்கு மூச்சு விடுவதுகூட ஒரு வேலையாகத் தெரிந்தது.

மூன்றாம் நாள் அவன் உடையார்கட்டுக்குப் போனான். அங்கே தவராசா என்பவர் புதிதாக அச்சகம் போட்டிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர், கதைக்கத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாதவர். அதே கட்டையை எடுத்து அதே மாதிரித் திருப்பிப் பார்த்தார். அதே கேள்வியைக் கேட்டார்.

ஜெயந்தன் வழி நெடுக மிதித்து மிதித்து ஒரு பதிலைத் தயார்ப்படுத்தி வைத்திருந்தான். “சுன்னாகத்தில அண்ணை. ஒரு சின்னப் பிரஸ். தொண்ணூற்றைஞ்சு இடம்பெயர்வோட எல்லாம் போச்சு.”

“முதலாளி?”

“வெளிநாட்டுக்குப் போயிட்டார்.”

தவராசா தலையை ஆட்டினார். தன்னுடைய சுன்னாகத்துச் சொந்தக்காரர் இரண்டு பேரின் கதையைச் சொன்னார். ஐந்து லட்சம் சனம் ஒரே பாதையால் நடந்துவந்த அந்த இடம்பெயர்வு எத்தனையோ பேரின் சான்றிதழ்களையும் சாட்சிகளையும் தின்றுவிட்டிருந்தது. அதன் வாயில் ஒரு பொய்யையும் சேர்த்துப் போட்டுவிடுவது அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. அடுத்த நாளே வேலைக்கு வரச்சொன்னார். ஆடிப் பதினைந்து வரை பார்ப்போம், கை பிடித்தால் நிரந்தரம், பக்கத்துக் காணியில் குடும்பத்தோடு இருக்கவும் இடம் தரலாம் என்றார்.

நிரோஜா அன்று குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு வளவு முழுக்க நடந்தாள். நடராசாவிடம் பதினைந்து வரை பொறுக்கச் சொன்னாள். அவர் பாஸ் கடிதத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்தார்.

கேப்பாப்புலவிலிருந்து உடையார்கட்டுக்குப் போக இரண்டு மணித்தியாலம் சைக்கிள் மிதிக்க வேண்டும். புதுக்குடியிருப்பைத் தாண்டித்தான் போகவேண்டும். ஐயாத்துரையின் பிரஸ் இருந்த தெருவால் போகாமல் அவன் பின்பக்க மணல் ஒழுங்கையால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான். வேலைத்தலத்தில், முன்னுக்கு ஆட்களின் குரல் கேட்டால் மெசினுக்குப் பின்னால் குனிந்து ஏதாவது தேடுவான். ஒருமுறை புதுக்குடியிருப்புக்காரர் ஒருவர் கடைத் திறப்புவிழா நோட்டீசுக்கு வந்து அரைமணித்தியாலம் கதைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரமும் ஜெயந்தன் மைத்தகரத்தை வைத்திருந்த இருட்டு மூலையில் நின்றான். ஆனால் கையில் கம்பியைப் பிடித்துவிட்டால் அவனுக்கு எல்லாம் மறந்துபோகும். ரப்பர் துகள்கள் மடியில் விழ விழ, வெறும் செருப்பு அடியிலிருந்து ஒரு மயிலோ வாழைமரமோ எழும்பி வரும்போது, உலகத்தில் வேறெங்கோ, தாள் தட்டுப்பாடில்லாத ஏதோ ஒரு நகரத்தில், தனக்கென்று ஒரு ஜன்னலடி மேசை இருப்பதாக அவன் நினைத்துக்கொள்வான்.

ஆடி எட்டாம் நாள் தவராசா ஒரு கொப்பித்தாளைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார். விமலேஸ்வரி என்றொரு அம்மா தன் மகளின் கலியாணக் காட்டுக்குத் தந்துவிட்டுப் போயிருக்கிறா. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கலியாணம் குழம்பிய பிள்ளையாம். இந்தமுறை எதுவும் பிழைக்கக்கூடாது, நல்ல ராசியான இடமென்று கேட்டு விசாரித்துத்தான் எங்களிடம் வந்திருக்கிறா என்று சொல்லும்போது தவராசாவின் குரலில் பெருமை வழிந்தது.

தாளில் வட்டக்கச்சி என்றிருந்தது. அதன் கீழே திருநிறைச்செல்வி கஜேந்தினி என்றிருந்தது.

ஜெயந்தன் அந்தப் பெயரை முன்பும் ஒருமுறை எழுத்து எழுத்தாகக் கோத்தவன். மட்டுமல்ல. ஐயாத்துரை தாள் தேடி முல்லைத்தீவுக்குப் போயிருந்த அந்தப் பின்னேரம், செத்த வீட்டுக்காரர் வாசலில் அழுதுகொண்டு நிற்க, மூலையில் கட்டிவைத்திருந்த பிழைக் காட்டுகளைக் கண்டதும் அவிழ்த்ததும் அவன்தான். வெற்றுப் பக்கம் மேலே வரத் திருப்பி, ஒவ்வொன்றாக மெசினுக்குள் வைத்ததும் அவன்தான். நல்ல யோசனை என்று அன்று தன்னைத்தானே மெச்சியும் கொண்டான். திரும்பிவந்த ஐயாத்துரை விஷயத்தை அறிந்து, வெற்றிலையைத் துப்பிவிட்டு, மடையா என்று ஒரே ஒரு சொல் சொன்னார். குகதாசன் செத்து, சனம் பிரஸ் வாசலில் வந்து நின்று கேட்டபோது, என்ர பிரஸ், என்ர வேலை என்றார். ஜெயந்தன் மெசினுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டான். பிறகு அதைப்பற்றி இருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசாமல் விட விட, அது ஐயாத்துரை செய்ததுதான் என்று அவனுக்கே தோன்றத் தொடங்கியிருந்தது. வேலை கேட்டுப் போன இடங்களில் அவர் பெயரைச் சொல்லி அவமானப்பட்டபோது அவர்மேல் உண்மையாகவே கோபம்கூட வந்திருந்தது.

இந்தக் காட்டுக்கு விளக்கு வேண்டாம், இரண்டு யானை வைப்போம் என்று தவராசாவிடம் சொல்லிப் பார்த்தான். விளக்கில்லாமல் ஒரு கலியாணமோ என்று அவர் கேட்டார். ஜெயந்தன் பழைய கலண்டர் ஒன்றிலிருந்து வேறொரு விளக்கை அளந்து அளந்து வெட்டினான். சுடரை நேரே நிமிர்த்தி நிறுத்தினான்.

தவராசா அதை அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இதென்ன தம்பி, விளக்கோ வேலோ? அண்டைக்கு எனக்குக் காட்டினீரே ஒண்டு, அதைப் போடும். அதைப் பாத்துத்தானே உம்மை எடுத்தனான்.”

போடாமல் விட்டால் ஏனென்று சொல்ல வேண்டும். ஏனென்று சொன்னால் வேலை போகும். பதினைந்துக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அவன் போட்டான்.

முதல் தாள் சரிபார்க்கத் தாய் வரவில்லை. மகள் வந்தாள். முந்தியமுறை நேரம் பிழைத்ததால் இந்தமுறை தானே தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொன்னாளாம். தவராசா தாளை அவள் கையில் கொடுத்து, ஆறுதலாகப் பாருங்கோ பிள்ளை என்று கதிரையும் போட்டுவிட்டு, குசினிப்பக்கம் தேத்தண்ணீர் சொல்லப் போனார். ஜெயந்தன் மெசினுக்குப் பின்னால் நின்றான். அவள் நேரத்தைப் பார்ப்பது தெரிந்தது. பிறகு தாளைக் கொஞ்சம் மேலே உயர்த்துவதும் தெரிந்தது. விளக்கின் மேல் விரலை வைத்தாள்.

“இதை வெட்டின ஆளை ஒருக்கா வரச்சொல்லுங்கோ,” என்றாள், மெசினைப் பார்த்து.

அவன் வெளியே வந்தான். மெலிந்த, உயர்ந்த பெண். கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தாள்.

“போன தடவை ஐயாத்துரையர் நாலு விளக்குக் காட்டினவர். அதில இதைத்தான் நான் எடுத்தனான். நீங்கள் அவரிட்டத்தானே இருந்தனீங்கள்?”

இல்லையென்று சொல்ல வாயெடுத்தான். வரவில்லை. “ஓம் தங்கச்சி.”

“தவராசா அண்ணைக்குத் தெரியுமே?”

“தெரியாது. தெரிஞ்சா இண்டைக்கே போகச் சொல்லுவார்.”

சொல்லத் தொடங்கியதும் அவனால் நிறுத்த முடியவில்லை. குழந்தையின் காய்ச்சலை, அலுமாரிக்குள் இருக்கும் பாஸை, பதினைந்தாம் திகதியை, கனகலிங்கம் கையைத் துடைத்ததை எல்லாம் அடிக்குரலில் கொட்டினான். இந்தக் காட்டை வேறிடத்துக்குக் கொண்டுபோங்கள், அது உங்கள் விருப்பம், ஆனால் காரணம் மட்டும் சொல்லவேண்டாம் என்று கெஞ்சினான். தான் ஒரு பெண்ணின் முன்னால் கைகூப்பிக்கொண்டு நிற்பதை, கூப்பிய கைகளைக் கண்ட பிறகுதான் உணர்ந்தான்.

அவள் எல்லாவற்றையும் கேட்டாள். குசினியில் தேத்தண்ணீர்க் கோப்பைகள் முட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“விளக்கில எனக்கு ஒரு கோபமுமில்லை. நான் ஒண்டு மட்டும் கேக்கிறன், அதை உண்மையாச் சொல்லுங்கோ. அந்தக் காட்டுகளைத் திருப்பிப் போட்டு அடிச்சது ஆர்?”

அவன் மெசினைப் பார்த்தான். மெசின் அவனைப் பார்க்கவில்லை. இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்றுக்குப் பின்னால் கேப்பாப்புலவில் ஒரு கொட்டில் வெறுமையாகக் கிடந்தது.

“ஐயாத்துரை அண்ணைதான்,” என்றான்.

கஜேந்தினி தாளை மெல்ல மடியில் வைத்தாள். “அவரும் அப்பிடித்தான் சொன்னவர். குகதாசன் செத்து முப்பத்தொண்டு அண்டைக்கு வந்து எங்கட படலைக்கு வெளியில மழைக்குள்ள நிண்டவர். உள்ளுக்கு விடேல்லை. என்ர கையாலதான் அடிச்சனான், என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு நிண்டவர். அவருக்குக் கை நடுக்கம், மெசினுக்குத் தாள் வைக்க ஏலாது எண்டு கனபேர் சொன்னவை. எனக்கு அது ஒரு முள்ளு மாதிரி உள்ளுக்கை இருந்தது. இப்ப நீங்களும் சொல்லுறீங்கள்.”

அவன் குனிந்து, தரையில் கிடந்த தாள் துண்டொன்றைப் பொறுக்கினான்.

“ரெண்டு பேரும் ஒண்டைச் சொன்னா உண்மையாத்தானே இருக்கும்,” என்றாள். கேள்வியா முடிவா என்று அவனுக்கு விளங்கவில்லை.

தவராசா தேத்தண்ணீரோடு வந்தார். அவள் எழும்பி, நேரம் சரி, எல்லாம் சரி, அடியுங்கோ அண்ணை என்றாள். விளக்கு எப்படி என்று தவராசா ஆசையோடு கேட்டார். வடிவாயிருக்கு என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணீரைக் குடிக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள்.

காட்டு அடித்து முடிந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் பூச ஜெயந்தனே குழைத்துக் கொடுத்தான். பதினைந்தாம் நாள் தவராசா அவன் தோளில் தட்டி, நிரந்தரம் என்றார். அந்தச் சொல்லைக் காவிக்கொண்டு அவன் கேப்பாப்புலவுக்கு வந்தான். நிரோஜா ஓடிப்போய்த் தமையனிடம் சொன்னாள். நடராசா பாஸ் கடிதத்தை அலுமாரியிலிருந்து எடுத்து, ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டு, அடுப்புப் பற்றவைக்க உதவும் என்றார். அது பகிடியில்லை. உண்மையாகவே குசினிக்குள் கொண்டுபோனார்.

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த நிரோஜாவிடம் ஜெயந்தன் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லக்கூடாது என்றுதான் நினைத்திருந்தான். ஆனால் அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்கத் தாங்கமுடியவில்லை. திருப்பிப் போட்டது யார், மழைக்குள் நின்றது யார், அவன் சொன்ன பதில் என்ன, எல்லாம்.

அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

“இதை நீங்கள் எனக்குச் சொல்லியிருக்க வேண்டாம்,” என்றாள். வேலிப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, “இனி நானுமெல்லோ பொத்திப் பொத்தி வைக்கவேணும்,” என்றாள். பிறகு சுளகை எடுத்துக் கல் பொறுக்கத் தொடங்கினாள்.

அடுத்த கிழமை அவர்கள் உடையார்கட்டுக்கு, அச்சகத்துக்குப் பக்கத்துக் காணிக்குக் குடிவந்தார்கள். யதுர்ஷிகாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. வேலை நடந்துகொண்டிருக்கும்போது அவளின் சத்தம் வேலிக்கு மேலால் வரும். அதைக் கேட்கும்போதெல்லாம் ஜெயந்தன், சரி, இதற்காகத்தான், இதற்காகத்தான் என்று தனக்குச் சொல்லிக்கொள்வான். ஐயாத்துரையைப் பற்றியும் ஒரு செய்தி வந்தது. புதுக்குடியிருப்பில் ஒரு பள்ளிக்கூடம் சோதனைத் தாள் அடிக்க அவரிடம் கொடுத்திருக்கிறதாம். சோதனைத் தாளுக்கு ராசி பார்க்கத் தேவையில்லைத்தானே என்று அதிபர் சொன்னாராம். மெசினில் போர்த்த சாக்கை எடுத்துவிட்டாராம். அதைக் கேட்ட அன்று ஜெயந்தன் இரண்டு கோப்பைச் சோறு சாப்பிட்டான்.

ஆவணி பிறந்து பத்து நாளிருக்கும். காலையில் தவராசா வந்தபோது அவர் முகம் சரியாக இல்லை. புதுக்குடியிருப்பில் ஒரு கலியாண வீட்டில் ஆரோ சொன்னார்களாம், உடையார்கட்டுப் பிரஸின் விளக்கு அசல் துடக்குப் பிரஸின் விளக்கு மாதிரியே இருக்கிறதென்று. அதற்குள் இரண்டு கலியாணக்காரர் வந்து தங்கள் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வெறும் பொறாமை என்று தவராசா சொன்னார். எங்களைப் பார்த்து அந்தாள் களவாக வெட்டியிருப்பான் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு ஜெயந்தனின் முகத்தைப் பார்த்தார். சந்தேகத்தோடு பார்த்தாரா, துணைக்குப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

“நீர் சுன்னாகத்தில இருந்தே இந்த விளக்குத்தானே வெட்டுறனீர்?”

“ஓம் அண்ணை.”

“அப்ப ஒரு நோட்டீசு அடிப்பம். எங்களுக்கும் புதுக்குடியிருப்பு ஐயாத்துரை அச்சகத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, பொதுமக்கள் ஏமாறவேண்டாம் எண்டு. சந்தி சந்தியா ஒட்டுவம். பள்ளிக்கூட மதிலிலயும் ஒட்டவேணும். ஆரோ அவனுக்குச் சோதனைத் தாள் குடுத்திருக்கினமாம், அவையும் பாக்கட்டும்.”

ஐயாத்துரை என்ற பெயர் தூரத்துக்குத் தெரியவேண்டும் என்றார். அவ்வளவு பெரிய ஈய எழுத்து அவரிடம் இல்லை. ரப்பரில்தான் வெட்டவேண்டும். புதுச் செருப்பு ஒன்றையே கொண்டுவந்து கொடுத்தார்.

ஜெயந்தன் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கை நோகிறது என்று சொல்லலாம். நாளைக்கு என்று சொல்லலாம். நாளைக்கும் அதே செருப்பு அங்கேயே கிடக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் யதுர்ஷிகா ஏதோ ஒரு சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நிரோஜா அதற்குச் சிரித்தாள்.

அவன் குந்தினான். அளந்து கோடு போட்டான். அச்சுக்கட்டையில் எழுத்தை மறுபக்கமாகத்தான் வெட்டவேண்டும். வார்த்தையின் கடைசி எழுத்து முதலில் வரும். முதலில் ‘ரை’யை வெட்டினான். பிறகு ‘து’. பிறகு ‘த்’. இப்படிப் பின்னாலிருந்து போகும்போது அது எவருடைய பெயராகவும் தெரியவில்லை. வெறும் வளைவும் நேர்கோடுமாக இருந்தது. அப்படியே நினைத்துக்கொண்டு ‘யா’வையும் வெட்டினான். அவன் கை நடுங்கவில்லை. நடுங்கினால் நல்லாயிருக்கும் என்று நினைத்தான். ஒரு பிசிறுகூட விழவில்லை. வாழ்நாளில் அவன் வெட்டியதில் இவ்வளவு சுத்தமான எழுத்து வேறில்லை.

முதல் எழுத்து மட்டும் மிச்சமிருந்தபோது தவராசா அவன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“ஐயன்னாவை நல்லாத் தடிப்பா விடும் தம்பி,” என்றார். “றோட்டில நிண்டு பாத்தாலும் தெரியவேணும்.”

ஜெயந்தன் பென்சில் கோட்டை அழித்து, தடிப்பாகப் போட்டு, வெட்டத் தொடங்கினான்.